வல்லினம் மிகும் இடம்

இடது கையால் எழுதச் சொன்னாள். எழுதினார்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல எழுத்துகள் சரிந்து கிடந்தன.

அவள் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். கோணல் சரி. பிழைதான் ஒன்றுகூட இல்லை.

"என்னங்க இது? 'மாணவியைத் தனியாக'ன்னு நடுவுல த் போட்டிருக்கீங்க. மொட்டைக் கடுதாசி போடுறவன் எவன் ஒற்றுப் பார்த்து எழுதுவான்? ஸ்கூல் செக்ரட்டரி ஒரு தடவ வாசிச்சாப் போதும். தமிழய்யா வேலைன்னு கண்டுபிடிச்சிருவாரு."

"அங்க வல்லினம் மிகும்" என்று முனகினார்.

"மிகட்டும். எடுங்க. ஒழுக்கத்துக்கு ள போடுங்க."

முப்பத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளின் நோட்டில் அந்தப் பிழையைச் சிவப்பு மையால் சுழித்தவர். பேனா அந்த இடத்துக்கு வந்ததும் நின்றது.

அவள் அவருடைய தோளில் கை வைத்தாள்.

பேனா நகர்ந்தது.

சனிக்கிழமை மத்தியானம். ஜன்னல்களைச் சாத்தியிருந்தாள். மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமலிருக்க ஒரு மூலையில் சொம்பை வைத்திருந்தாள்.

தலைமையாசிரியர் மாசிலாமணி ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருந்தது. அவருக்கு அடுத்த இடத்தில் இருந்த இவருக்கு இரண்டு.

அதை அவள் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருந்தாள்.

அதன்பிறகு எதுவும் சொல்லவில்லை. சண்டை போடவில்லை. சோறு வைத்தாள், சட்டை தேய்த்தாள். ஆண்டு விழாவுக்கு மட்டும் வரவில்லை. நாலாவது வரிசையில் உட்கார்ந்து கைதட்டத் தெம்பில்லை என்றாள்.

பன்னிரண்டாம் நாள் அவரே கேட்டார்.

"இப்ப என்னதான் செய்யணுங்கிற?"

சொன்னாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"மாசிலாமணி நம்ம பையனுக்கு ரத்தம் குடுத்த மனுஷன்."

"குடுத்தாரு. அதுக்காக ரிட்டயர் ஆகுற வரைக்கும் அவருக்குக் குட்மார்னிங் சொல்லிட்டே இருக்கணுமா? அவருக்கு ஒண்ணும் ஆகாதுங்க. சஸ்பெண்ட் பண்ணுவாங்க. விசாரிப்பாங்க. ஒரு வருஷத்துல ஒண்ணுமில்லைன்னு முடிஞ்சிரும். நீங்க எச்.எம். ஆக நமக்கு அந்த ஒரு வருஷம் போதும்."

அப்படிச் சொன்னபோது அவள் அதை நம்பவும் செய்தாள்.

இப்போது கடிதம் முடிந்துவிட்டது. இரண்டு தடவை வாசித்தாள். எட்டு வரி. பதினோரு பிழை. எவனோ எழுதியது மாதிரியே இருந்தது.

"போதும். மடிங்க."

"போதாது" என்றார்.

அவள் நிமிர்ந்தாள்.

"'ஒரு மாணவி'ன்னு மட்டும் இருந்தா செக்ரட்டரி கிழிச்சுப் போட்டுருவாரு. பேரு வேணும்."

அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. மனுஷன் வழிக்கு வந்துவிட்டார்.

"ஏதாவது இல்லாத பேரு போடுங்க."

"இல்லாத பேருன்னா முதல் நாளே பொய்னு தெரிஞ்சிரும்."

பள்ளிக்கூடப் பையை எடுத்து வந்தார். வருகைப் பதிவேட்டை விரித்தார். விரல் மேலிருந்து கீழே இறங்கியது.

வக்கீல் மகள். தாண்டியது.

பஸ் முதலாளி மகள். தாண்டியது.

அண்ணன் இரண்டு பேர் உள்ளவள். அங்கே சற்று யோசித்துத் தாண்டியது.

நின்றது.

"சுடலைவடிவு. பதினொண்ணு பி. அப்பன் இல்ல. அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குக் கூலிக்குப் போறா. வந்து கேக்க ஆள் கிடையாது."

பாடம் நடத்தும் குரலில்தான் சொன்னார்.

அவளுக்கு அந்தப் பிள்ளையைத் தெரியும். பேச்சுப் போட்டிக்கு முன்னால் வீட்டுக்கு வந்து பேசிக் காட்டியது. கூச்சப்பட்டுக்கொண்டே மூன்று தோசை சாப்பிட்டது. செருப்பு மாட்டும்போது, "போயிட்டு வாரேன் டீச்சர்" என்றது.

பி.எட். முடித்த வருடமே அவளுக்குக் கல்யாணம். வேலைக்கே போகாத அவளை அந்தப் பிள்ளைக்கு முன்னால் யாரும் டீச்சர் என்று கூப்பிட்டதில்லை.

"அந்தப் பிள்ள வேண்டாங்க."

அவர் மறுபடி இடது கையில் பேனாவை எடுத்தார்.

"ஏங்க, கேக்குதா? நாளைக்கு அது தெருவுல நடக்க வேண்டாமா? பேரே வேண்டாம். கடுதாசியே வேண்டாம், விடுங்க."

தாளின் ஓரத்தைப் பிடித்தாள்.

அவர் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். கோபமில்லை. பரீட்சையில் பார்த்து எழுதும் பிள்ளையின் கையை விலக்குவதுபோல விலக்கினார்.

"நீ சும்மா இரு. உனக்கு ஒண்ணும் தெரியாது."

பெயரை எழுதினார். வகுப்பை எழுதினார். பிரிவை எழுதினார்.

மடித்து உறையில் போட்டார். ஒட்டினார்.

பிறகு வலது கைக்குப் பேனாவை மாற்றி, அவளிடம் நீட்டினார்.

"விலாசத்தை நீ எழுது. உன் கையெழுத்து எவனுக்குத் தெரியும்?"

அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

அவர் எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளுக்கென்று அவர் நாற்காலி எடுத்துப் போட்டது அதுதான் முதல் தடவை.