பேப்பரும் இட்லியும்

உடம்பில் இன்சுலினைத் தானாகச் செலுத்தும் கருவிக்கு நிரல் எழுதியவர், முதலில் அதைத் தன் வீட்டாருக்கே பொருத்தியாக வேண்டும் என்பது சட்டம். அமலி எழுதிய நிரல் எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டது. சர்க்கரை நோயாளியான அவள் கணவர் இருதயராஜ் சட்டைக் கையை மடித்துவிட்டு இட்லித் தட்டின் முன் உட்கார்ந்தார். அவள் கருவியைத் துடைத்து எடுப்பதற்குள் பேப்பரை விரித்துவிட்டார். ஒரு விள்ளல் இட்லிக்கு ஒரு பக்கம் செய்தி.

அமலியின் கை நின்றது.

"என்னாச்சு? மாட்டு."

"எல்லாரும் கால் மணி நேரத்துல சாப்பிட்டு எழுந்துடுவாங்கன்னு நிரல்ல எழுதிட்டேங்க. உங்களுக்கு சாப்பாட்ட முந்திக்கிட்டு மருந்து ஏறி, சர்க்கரை இறங்கி மயக்கம் வந்துடும்."

"அவ்வளவுதானே? வேகமா சாப்பிடறேன்." பேப்பரை மடித்தார்.

அவள் அதைப் பிடுங்கி, மறுபடி விரித்து அவர் மடியில் வைத்தாள்.

"நிதானமா சாப்பிடுங்க. திருத்த வேண்டியது உங்கள இல்ல."