நீலக் கொம்பு

சாரைப்பாம்புகளிடமிருந்து குளத்துத் தவளைகளைக் காப்பாற்ற, காட்டுச் சபை ஒரு எருமைக்கடாவை அனுப்பிவைத்தது. அடையாளத்துக்காக அதன் கொம்புகளில் நீலச் சாயம் பூசியிருந்தது.

"எல்லோரும் என் வயிற்றுக்குக் கீழே வந்துவிடுங்கள், பயமில்லை" என்றது கடா.

தாய்த்தவளை தன் பொந்தை விட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தது. குளத்திலிருந்த மற்றத் தவளைகளும் வந்து சேர்ந்தன.

ஒரு மத்தியானம் பாம்புகள் வந்தன. "ஐயா, கொஞ்சம் காலை நகத்துறீங்களா?" என்று மரியாதையாகத்தான் கேட்டன.

தன்னைக் கடித்தால் மட்டுமே முட்டலாம் என்பது கடாவுக்குச் சபை போட்ட உத்தரவு. பாம்புகள் அதைக் கடிக்கவில்லை. கடா காலை நகர்த்திக்கொண்டது. அதன்பின் வயிற்றுக்குக் கீழே இடம் தாராளமாக இருந்தது. தாய்த்தவளை மட்டும் கடாவின் முதுகில் தொற்றித் தப்பியிருந்தது.

விசாரணைக்குச் சபை ஆந்தையை அனுப்பியது, நல்ல உச்சி வெயிலில். ஆந்தை கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கடாவை இறகால் தடவிப் பார்த்தது.

"ஒரு கீறல்கூட இல்லை. உத்தரவும் மீறப்படவில்லை."

"என் பிள்ளைங்களுக்கு யாருங்க பதில் சொல்றது?" என்றது தாய்த்தவளை.

"சபையைக் கேட்டால் கடா என்கிறது. கடாவைக் கேட்டால் சபை என்கிறது."

"இவர் வராம இருந்தா ஆளுக்கொரு பொந்துல ஒளிஞ்சிருப்போம். பாம்பு தேடியே சலிச்சுப் போயிருக்கும். இவரை நம்பித்தானே எல்லாரும் ஒரே இடத்துக்கு வந்தோம்!"

ஆந்தையின் முகம் மலர்ந்தது. "அவ்வளவு நம்பிக்கையா? அப்படியானால் அடுத்த குளத்துக்கும் இவரையே அனுப்பச் சொல்கிறேன்."