மரம் கரையேறும் வரை

“தாலியைக் கழட்ட மாட்டேம்மா” என்றாள் எல்லம்மாள்.

கூடத்திலிருந்த பெண்கள் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுடைய கழுத்துகள் வெறுமையாக இருந்தன. கழற்றிய தாலிகள் நடுவில் ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் கிடந்தன.

வழக்கறிஞர் வசுமதிக்குக் கோபம் தலைக்கேறியது.

கணவனிடம் அடிபட்டு ஓடிவந்த பெண்களுக்குச் செங்கற்பட்டில் இருந்த ஒரே புகலிடம் அந்த இல்லந்தான். அரசு மானியத்தில்தான் அங்கே அடுப்பு எரிந்தது. போன ஆடியில் மானியம் நின்றுபோயிற்று. ஆதரவற்ற பெண்களுக்கென்று ஒதுக்கிய பணத்தைக் கணவன் உயிரோடு இருப்பவளுக்கு எப்படிக் கொடுப்பது என்று துறையிலிருந்து கேட்டுவிட்டார்கள்.

வசுமதி கட்டணம் வாங்காமல் அந்த வழக்கைக் கையில் எடுத்தாள். மனுவுக்கு மேல் மனு எழுதினாள். சென்னைக்கும் செங்கற்பட்டுக்குமாக அலைந்து, ஒருவழியாக மறு விசாரணைக்கு உத்தரவு வாங்கினாள்.

அதற்குத்தான் அன்று காலை ரயிலில் அதிகாரி பக்தவச்சலம் வந்து இறங்கியிருந்தார். இல்லத் தலைவி ஆதியம்மாள் கொடுத்த காபியை அவர் தொடவில்லை. பெண்களை வரிசையாக நிறுத்தித் தலை எண்ணினார். இவர்கள் திரும்பிப் போகும் எண்ணமே இல்லாமல் வந்துவிட்டவர்கள், சட்டத்தின் கண்ணுக்குக் கைவிடப்பட்டவர்களே என்று வசுமதி எடுத்துச் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“சரிம்மா. விட்டுட்டு வந்தவங்களுக்குத் தாலி எதுக்கு?” என்றார். “அது கழுத்துல இருக்கிற வரைக்கும் இது சத்திரம். கோவிச்சுக்கிட்டு வந்து நாலு நாள் தங்கிட்டுப் போற இடம். எல்லாரும் என் கண் முன்னால கழட்டட்டும், மானியம் தரலாம்னு எழுதிடறேன். ஒருத்தி கழுத்துல இருந்தாலும் எழுத மாட்டேன்.”



முதலில் மேரி முன்னால் வந்து, சிலுவை பதித்த தன் தாலியைத் தாம்பாளத்தில் போட்டாள். பின்னால் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். சம்பூர்ணத்துக்கு முடிச்சு அவிழவில்லை. ஆதியம்மாள் அரிவாள்மணையில் வைத்துக் கயிற்றை அறுத்தபோது அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

எல்லம்மாள் மட்டும் சுவரோடு ஒட்டி நின்றாள்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தைச் சேர்ந்தவள் அவள். கணவன் தனகோடி துடுப்பால் அடித்த அடியில் இடத்தோள் இறங்கிவிட்டது. கையைத் தலைவரை தூக்க முடியாது. தினமும் மேரிதான் அவளுக்குத் தலை வாரிவிடுவாள். தாலியை மற்றவர்களுக்கு முன்னால் அவளே கழற்றி எறிவாள் என்றுதான் வசுமதி எண்ணியிருந்தாள்.

அவளை அடுக்களைக்குள் அழைத்துப் போய்க் காரணம் கேட்டாள்.

“அவன் கடல் மேல கீறாம்மா. உச்சிக்கெல்லாம் மரம் கரையேறிடும். அப்பால நானே கழட்டித் தரேன்.”

கணவன் கட்டுமரமேறிப் போயிருக்கும்போது மனைவி தாலியைக் கழற்றினால் கடல் அவனைத் திருப்பித் தராது என்பது அவள் குப்பத்தாரின் நம்பிக்கை.

வசுமதி கெஞ்சினாள். மற்றப் பெண்களைக் காட்டினாள். மூட நம்பிக்கை என்று கடிந்தும் பார்த்தாள். எல்லம்மாள் தரையைப் பார்த்தபடி நின்றாளே தவிர, கழுத்துக்குக் கையைக் கொண்டுபோகவில்லை.

கடைசியில் வசுமதி அதிகாரியிடம் போய் உச்சிவேளை வரை பொறுக்கும்படி கேட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“புருஷனுக்காக இவ்வளவு உருகறா, இவளா ஆதரவில்லாதவ? போய் ஒழுங்கா குடித்தனம் பண்ணச் சொல்லுங்கம்மா. எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு.”

பையை எடுத்துக்கொண்டு அவர் படியிறங்கினார். வாசல்வரை பின்னால் போன வசுமதி வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

ஆதியம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இருக்கிற அரிசி இந்த மாதத்துக்குக் காணும், அதற்குமேல் கதவைச் சாத்துவதைத் தவிர வேறு வழியில்லை, அவரவர் போக்கிடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மெல்லச் சொன்னாள். அங்கே யாருக்கும் போக்கிடம் ஒன்றுதான். எந்த வாசலிலிருந்து ஓடிவந்தார்களோ, அதே வாசல்.

சம்பூர்ணம் தாம்பாளத்தருகே குனிந்து தன் தாலியைத் தேடி எடுத்தாள். அறுந்த கயிற்றை முடிந்து மறுபடியும் கழுத்தில் போட்டுக்கொண்டாள். ஒருவரை ஒருவர் பார்க்காமல் மற்றவர்களும் வந்து தங்களுடையதை எடுத்தார்கள்.

அதைக் கண்டதும் வசுமதியால் பொறுக்க முடியவில்லை.

“உன் தோளை ஒடிச்சவனோட உயிர் உனக்கு அவ்வளவு வெல்லமா, எல்லம்மா? அவன் ஒருத்தனுக்காக இத்தனை பேரையும் அடிவாங்க அனுப்பறியே, நீயும் ஒரு பொம்பளையா?”

எல்லம்மாள் அப்போதுதான் நிமிர்ந்தாள்.

“அவன் செத்தா எனக்கு இன்னாம்மா? அவன் மட்டும் கடலுக்குப் போயிருந்தா, அந்த ஆபீசரு வாய மூடறதுக்குள்ள அறுத்துப் போட்டிருப்பேன். அந்த மரத்துல அவனோட இன்னும் மூணு பேரு போயிருக்காங்க. அவங்க பொண்டாட்டிங்க கழுத்துலயும் தாலி கீதும்மா.”