இரண்டு பேருக்கு மட்டும்

“அம்புட்டுப் பேரு வேல பாக்குற மில்லு. அது எப்படி, உங்க ரெண்டு பேருக்கு மட்டும் அம்மை போடும்?”

ஈஸ்வரி கிசுகிசுப்பாகத்தான் கேட்டாள். அம்மை போட்ட வீட்டில் சத்தம் போடக்கூடாது, ஆத்தா கோபித்துக்கொள்வாள். இல்லையென்றால் இந்நேரம் அவள் குரல் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

பாண்டிச்செல்வம் வேப்பிலை பரப்பிய பாயில் உடம்பெல்லாம் கொப்புளமாகக் கிடந்தான். அரிப்பு ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம். மனுஷன் எதைத்தான் தாங்குவான்?

“ஏட்டி, கல்பனா இருக்கது ஆபீசுல. நான் நிக்கது மிஷினுகிட்ட. கணக்கு விஷயமா போன்ல பேசுறதோட சரி. சாமி சத்தியமாச் சொல்லுதேன்.”

“ஆத்தா மேல எறங்கியிருக்கப்பவே பொய்ச் சத்தியமா? நல்லா இருக்கு!”

கல்பனா ஆள் யாரென்றே ஈஸ்வரிக்குத் தெரியாது. வில்லிபுத்தூர்க்காரி, மில்லில் கணக்கு எழுதுகிறவள், போனில் கலகலவென்று சிரிக்கிறவள். இவ்வளவுதான் தெரியும். அந்தச் சிரிப்பைக் கேட்ட நாளிலிருந்து ஈஸ்வரிக்கு வயிறு எரிந்துகொண்டேதான் இருந்தது.

இப்போது அந்த மகராசிக்கும் அம்மையாம். பக்கத்து வீட்டு அழகுத்தாயின் புருஷனும் அதே மில்தான். அழகுத்தாய் வாசலில் நின்றபடியே சேதியைச் சொல்லிவிட்டு, “நமக்கு எதுக்குப் பொல்லாப்பு” என்று நழுவிவிட்டாள். பற்றவைத்தவளுக்கு நின்று அணைக்க நேரம் ஏது?

மாத்திரை கொடுக்க வந்த நர்ஸ் பொன்மணி நிலைப்படியைத் தாண்டவில்லை.

“புள்ளத்தாச்சிக யாரையும் பக்கத்துல விட்டுறாதீங்கக்கா. அம்மைக்கும் அக்கிக்கும் கிருமி ஒண்ணுதான். இவருக்கு முன்னாடி யாருக்கோ இருந்திருக்கு. அவுகள ஒட்டி உரசி இருந்தா, ரெண்டு மூணு வாரத்துல இப்படி வந்துரும்.”

ஈஸ்வரியின் காதில் விழுந்தது இரண்டே வார்த்தைகள்.

“கேட்டியளா? ஒட்டி உரசி!”

“அக்கா, நான் என்ன சொல்ல வாரேன்னா…”

“நீ சொன்னதே போதும்மா. தெய்வமாட்டம் வந்து உண்மையச் சொல்லிட்ட.”

பொன்மணி தலையில் அடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். ஈஸ்வரி பரணிலிருந்து பையை இழுத்து, சேலைகளை அள்ளித் திணிக்க ஆரம்பித்தாள்.

“எங்கட்டி கெளம்புத?”

“தேவதானத்துக்கு. எங்க அம்மா வீட்டுக்கு. அம்மை எறங்குனதும் தலைக்குத் தண்ணி ஊத்த அவளையே வரச்சொல்லுங்க.”

இந்த வாசலைத் தாண்டினால் திரும்பி வரமாட்டோம் என்று அவளுக்குத் தெரியும். அந்த வீம்பு அவளுக்கு உண்டு. பையைத் தூக்கக் குனிந்தவளுக்கு இடுப்பு சுருக்கென்றது. அவ்வளவுதான், அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

“ரெண்டு வாரத்துக்கு முந்தி இடுப்பெல்லாம் கொப்புளமா எரிச்சலெடுத்துத் துடிச்சேன். பானை விக்கிற வேளார் கடைக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு கெஞ்சுனேன். ஞாயித்துக்கெழமையும் அதுவுமா ஓவர்டைம்னு ஓடுனிய. ஓவர்டைமா அது? அன்னைக்கு முழுக்க அவகூடத்தான இருந்திய?”

“அடக் கடவுளே! அன்னைக்கு ஆபீசே லீவுட்டி.”

“லீவுன்னா இன்னும் வசதி! நான் ஒத்தையில மடவார் வளாகத்துக்குப் பஸ் ஏறிப் போயி காவி எழுதிட்டு வந்தேன். எழுதிவிட்ட புள்ளைக்கு இருந்த பிரியத்துல கால்வாசி உங்களுக்கு இருந்தாப் போதும், நான் எதுக்கு இப்படிப் பொலம்புதேன்?”

வேளார் வீட்டுப் பெண், தங்கமான பெண் அது. அப்பாவுக்குக் கை நடுங்குகிறது என்று இறகைத் தானே வாங்கி, முகம் சுளிக்காமல் காவி தடவிவிட்டது. கொப்புளத்துத் தண்ணீர் கையில் பட்டதைக்கூடச் சட்டை செய்யவில்லை. புருஷன், மில், போனில் சிரிக்கிற சிறுக்கி என்று ஈஸ்வரி பேர் சொல்லாமல் கொட்டித் தீர்த்ததையெல்லாம் ‘உச்’ கொட்டிக் கேட்டுக்கொண்டது. கடைசியில், “விடாதீங்கக்கா. அந்தப் பொம்பளைய நேருக்கு நேரா நாலு கேள்வி கேட்டுருங்க” என்று தைரியமும் சொல்லி அனுப்பியது.

அதை நினைத்ததும் ஈஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பையைக் கீழே வைத்தாள். சார்ஜில் கிடந்த புருஷனின் போனைப் பிடுங்கி, கல்பனா பேரைத் தேடி, வீடியோ காலை அழுத்தினாள்.

“ஏட்டி, வேண்டாம்! அதுவே நோயாக் கெடக்கு, பாவம்…”

“பாவமா? அவ பாவமா?”

அந்த ஒரு வார்த்தைதான் பாக்கி இருந்தது. இனி ஆத்தாவாவது, கோபமாவது! ஈஸ்வரி குரலை உயர்த்தத் தயாராகிவிட்டாள். முதல் கேள்வி நாக்கு நுனிக்கு வந்து நின்றது.

மணி அடித்து ஓய்கிற நேரத்தில் எதிர்முனையில் எடுத்தார்கள். கலங்கலாக இருந்த திரை மெல்லத் தெளிந்தது. தலைமாட்டில் வேப்பிலைக் கொத்து, சுவரோரம் அடுக்கிய மண்பானைகள், முகமெல்லாம் கொப்புளத்தோடு ஒரு பெண். “சொல்லுங்க சார்” என்று முனகியவள், கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, அந்த நோவிலும் முகம் மலர்ந்தாள்.

“யக்கா, நீங்களா! நான் எழுதிவிட்ட அக்கி ஆறிருச்சா?”