இரண்டு நிழற்குடைகள்

கையை நீட்டியபடி ஓடினாள். பஸ் நிற்கவில்லை.

ஓட்டுநர் அவளைப் பார்த்தார். நான் என்ன செய்ய என்பதுபோல ஒரு கையை விரித்தார். பஸ் வளைவில் இறங்கி மறைந்தது.

மலையடிவாரத்து ஆஸ்பத்திரியில் அவள் கணவனுக்கு இன்று காலை ஆபரேஷன்.

நீ வந்து முகத்தைக் காட்டினால்தான் உள்ளே போவேன் என்று நேற்று போனில் சொல்லியிருந்தான். பிடிவாதக்காரன். சொன்னால் செய்துவிடுவான்.

"அடுத்த பஸ் வரும் மதினி" என்றான் கொழுந்தன். நிழற்குடைக்குள் கூட்டாளிகளோடு காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வரும். அதுவும் நிற்காது.

முன்பு ஒரே நிழற்குடைதான் இருந்தது. அவள் ஊரான கல்லாத்துமேட்டுக்கும் கீழே ஈட்டிப்பாறைக்கும் நடுவில்.

நெடுஞ்சாலையை அகலப்படுத்தும்போது அதை இடித்தார்கள். புதிதாகக் கட்டுவது எந்த ஊர்ப் பக்கம் என்று இரண்டு ஊரும் மல்லுக்கு நின்றன. தொல்லை தாங்காமல் ஊருக்கு ஒன்றாகக் கட்டிக் கொடுத்தார்கள். கூப்பிடு தூரத்தில் இரண்டு.

இரண்டில் எதில் பஸ் நிற்பது என்று அடுத்த சண்டை. கல் பறந்தது. பஸ் கண்ணாடி நொறுங்கியது.

அதிலிருந்து இரண்டிலும் நிற்பதில்லை.

கல் எறிந்தவர்களில் கொழுந்தனும் ஒருவன். கேட்டால் ஊர் மானம் என்பான். வேலைக்குப் போகாத நாளெல்லாம் இந்த நிழலில்தான் மானத்தைக் காத்துக்கொண்டிருக்கிறான்.

அவனிடம் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை.

பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சாலையில் கீழ்நோக்கி நடந்தாள்.

எதிரே ஒருத்தி ஏறி வந்தாள். தோளில் போர்வை சுற்றிய குழந்தை.

சிலம்பாயி. ஈட்டிப்பாறைக்காரி. ஒரே எஸ்டேட்டில் மிளகு பறித்தவர்கள். கண்ணாடி உடைந்த நாளிலிருந்து பேச்சில்லை.

இருவரும் நின்றார்கள். மேலே ஒரு நிழற்குடை. கீழே ஒரு நிழற்குடை. நடுவில் இவர்கள்.

"ராவெல்லாம் காய்ச்சல்க்கா" என்றாள் சிலம்பாயி. "கண்ணே தெறக்க மாட்டேங்குது. கீழ ஒரு பஸ்ஸும் நிக்கல, மேலயாவது நிக்குமான்னு வந்தேன்."

மேலே ஹாரன் கேட்டது.

அவள் சாலையின் நடுவுக்குப் போனாள். சிலம்பாயியும் வந்து பக்கத்தில் நின்றாள்.

பஸ் கீச்சென்று அலறி நின்றது. கண்டக்டர் தலையை நீட்டினார். சாகணும்னா வேற வண்டி பாருங்க என்றார். இது ஸ்டாப்பே இல்லை என்றார்.

"எந்த ஊரும்மா நீங்க?"

"எந்த ஊரா இருந்தா என்னய்யா? ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

கண்டக்டர் இருவரையும் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். கதவைத் திறந்துவிட்டார்.

ஒரே ஒரு இடம்தான் இருந்தது. அவள் உட்கார்ந்தாள். கேட்காமலே குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். சேலையைத் தாண்டிச் சுட்டது.

சிலம்பாயி மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஈட்டிப்பாறை நிழற்குடை கடந்து போனது. உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள்.

போன் அடித்தது. கணவனோ என்று பதறி எடுத்தாள்.

கொழுந்தன்.

யாரோட பிள்ளைய மடியில வச்சிருக்கீக என்றான். பஸ் நின்றதைக் கண்டு ஓடிவந்து ஜன்னலில் எட்டிப் பார்த்திருக்கிறான். ஊர்ல நாளைக்கு என்ன பேசுவாங்க என்றான். மூச்சுவிடாமல் பேசினான்.

அவள் போர்வையை இழுத்துக் குழந்தையின் காதை மூடினாள்.

"மெதுவாப் பேசு" என்றாள். "பிள்ள தூங்குது."