அப்பா என்ன சொல்கிறார்?

“நீ ராணுவத்துக்குப் போறதப் பத்தி உங்க அப்பா என்ன சொல்றார்?” என்று கேட்டார் க்ளென்.

அதுவரை தயங்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்த பிரென்னா முதல்முறையாகத் தலையைக் குனிந்தாள்.

“அப்பா ஒண்ணும் சொல்லல சார். அம்மாவுக்குத்தான் பயம். ஆனா சரின்னுட்டாங்க.”

க்ளென் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அவள் நன்றி சொல்லிவிட்டு வெளியே போனாள்.

அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் சேர மதிப்பெண்ணும் உடல்வலுவும் மட்டும் போதாது. வாஷிங்டனில் உட்கார்ந்திருக்கும் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் பரிந்துரையும் வேண்டும். நெப்ராஸ்காவின் அந்தத் தொகுதி உறுப்பினர் அந்தப் பொறுப்பை ஊர்க்காரர்கள் மூவரிடம் விட்டிருந்தார். அவர்கள் கைகாட்டுகிற பிள்ளைகளுக்கே பரிந்துரை. டிராக்டர் விற்கும் க்ளென், பள்ளி முதல்வராக இருந்த வால்டர், ராணுவ மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற ஜோவான் ஆகிய மூவரும் காலையிலிருந்து ஊர் நூலகத்தின் பின்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். மற்ற இடங்களெல்லாம் முடிவாகி, ஒன்றுதான் மிச்சம். பிரென்னாவுக்கா, எவரெட் என்ற பையனுக்கா?

வால்டர் பிரென்னா பக்கம். நன்றாகப் படிக்கிறாள், மாநில அளவில் ஓட்டத்தில் ஜெயித்திருக்கிறாள் என்றார்.

“ஓடறதுக்கு மட்டும்னா என் நாயையே அனுப்பலாம் வால்டர்,” என்றார் க்ளென். எவரெட்டுக்காக ஒரு குடும்பமே வந்து வெளியே காத்திருப்பதை அவர் சுட்டிக்காட்டினார். வீட்டில் ஆதரவில்லாத பிள்ளையை அனுப்பினால் முதல் கோடைப் பயிற்சியிலேயே மூட்டை கட்டிவிடும் என்பது அவர் கட்சி.

இருவரும் ஜோவானைப் பார்த்தார்கள்.

அவளுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது. ஆனால் வீட்டோடு சண்டை போட்டுக்கொண்டு ராணுவத்துக்கு வந்த பிள்ளைகளை அவள் மருத்துவமனையில் பார்த்திருக்கிறாள். அவர்கள் கட்டிலருகே யாரும் வந்து உட்கார்ந்ததில்லை. பேசாத அப்பாவை நினைத்து இந்தப் பெண்ணும் அப்படித் தனியாகக் கிடந்தால்?

“எவரெட்,” என்றாள்.

முடிவு எல்லோருக்கும் தெரிவிக்கப்பட்ட பிறகும் ஜோவானுக்கு மனம் ஆறவில்லை. அடுத்த வருஷம் பிரென்னா மறுபடி வரலாம். அதற்குள் அந்த அப்பாவிடம் பேசி, அவர் மனசைக் கொஞ்சம் இளக வைத்துவிட்டால் போதும் என்று தோன்றியது. உறுப்பினரின் அலுவலகத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போன் செய்தாள். எடுத்தது பிரென்னாவின் அம்மா கெர்ஸ்டின்.

“உங்க பொண்ணு ரொம்ப நல்லாப் பேசினாம்மா. அவங்க அப்பாகிட்ட ரெண்டு வார்த்தை பேசலாமா? அவர் அவளுக்கு ஆதரவா ஒரு வார்த்தை சொல்லிட்டார்னா...”

கெர்ஸ்டின் குறுக்கிட்டாள்.

“அவர் ஆப்கானிஸ்தான்லயே போயிட்டார் மேடம். அப்ப அவ கைக்குழந்தை.”

ஜோவான் பதறினாள். “அதை ஏம்மா அவ எங்ககிட்ட சொல்லல? சொல்லியிருந்தா நாங்க...”

“சொன்னா குடுத்துடுவீங்கன்னுதான் சொல்லல,” என்றாள் கெர்ஸ்டின். குரலில் கோபம் இல்லை. “போர்ல செத்தவங்க பிள்ளைங்களுக்குத்தான் தனிப் பரிந்துரை இருக்கே மேடம், அது அவளுக்கு எப்பவோ வந்தாச்சு. அப்பா செத்ததுக்காக இல்லாம, தனக்காக யாராவது கை தூக்குவாங்களான்னு பாக்கத்தான் உங்ககிட்ட வந்தா.”