எதிர்வீட்டு ஏற்றுமதி

"ஒரு நாடு எவ்வளவு திறந்த மனசோட இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? ஏற்றுமதியையும் இறக்குமதியையும் கூட்டுங்கோ. மொத்த உற்பத்தியால வகுங்கோ. தீர்ந்தது!"

மாட்டுங்கா மகளிர் சங்கத்தில் இந்திய-இலங்கை வர்த்தகம் பற்றி வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தாள் பொருளாதாரப் பேராசிரியை நாகலக்ஷ்மி.

"இலங்கை வரைக்கும் எதுக்குப் போகணும்? எதிர் ஃப்ளாட் ரெபேக்கா கிட்டேர்ந்து எனக்குக் கிறிஸ்துமஸ் கேக் வரும். இங்கேர்ந்து திருவாதிரைக் களி போகும். டப்பா காலியாத் திரும்பினதே கிடையாது! மனசு திறந்திருக்கணும், அவ்வளவுதான்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அந்தப் பூரிப்போடு வீட்டுக்கு வந்தவள், சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு வீட்டிலும் பாத்திரம் தேய்க்கும் பேச்சியம்மாளின் பையில் அந்த டப்பா! காலையில் நாகலக்ஷ்மியே ரெபேக்காவின் கையில் கொடுத்தது. திறந்தால், வைத்த களி வைத்தபடி இருந்தது.

"பேச்சி! வேலை பாக்கற வீட்டுலயே கை வெச்சுட்டியா? நாளைலேர்ந்து நீ இங்க வர வேண்டாம்."

பேச்சி பதறிப்போனாள்.

"ஐயோ மாமி, ரெபேக்கா அக்காதாம் குடுத்தாவ. சாமிக்குப் படைச்சத அவங்க வீட்டுல தின்ன மாட்டாவளாம். 'மாமிட்ட சொல்லிராத'ன்னாவ."

நாகலக்ஷ்மி டப்பாவைப் படாரென்று மூடினாள்.

"நெய் சொட்டச் சொட்டப் பண்ணேனே! ஒரு வாய் தொட்டுப் பாக்கலையா? படிச்சவளுக்கு இவ்வளவு குறுகின மனசா? இரு, இப்பவே நாலு கேள்வி கேட்டுட்டு வரேன்."

"வேண்டாம் மாமி! அங்கயும் எம்பொழப்பு போயிரும்."

அவள் காதில் வாங்கவில்லை. விடுவிடுவென்று போய்க் கதவைத் திறந்தாள்.

வாசலில் ரெபேக்காவே நின்றிருந்தாள், பெல் அடிக்கக் கையைத் தூக்கியபடி.

"மாமி, களி பிரமாதம்! ஒரு பருக்கை மிச்சம் வைக்கல. டப்பாவக் கழுவி நாளைக்குத் தரேன். ஆமா, போன வாரம் குடுத்த கேக் எப்படி இருந்தது? நீங்க ஒண்ணுமே சொல்லலையே?"

'முட்டை போட்டது, எங்காத்துல ஆகாது. ரெபேக்கா கிட்ட மூச்சு விடாதே' என்று அந்தக் கேக்கை முழுசாக நாகலக்ஷ்மி திணித்ததும் பேச்சியின் அதே பையில்தான்.

முதுகுக்குப் பின்னாலிருந்து பேச்சியின் குரல் வந்தது.

"அத ஏங்க்கா கேக்கிய? ஒரு துண்டுகூட எங்கண்ணுல காட்டாம, அம்புட்டையும் மாமியே தின்னுட்டாவ!"